உங்கள் ஊரில் தண்ணீர் ஏன் இல்லை: காரணத்தைக் கண்டறியும் முறை

2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. பருவமழை பொய்த்தது உண்மைதான். ஆனால் பெய்த காலத்தில் நீரைத் தேக்கியிருக்க வேண்டிய ஏரிகள் வீட்டுமனைகளாகவும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி குப்பைக் கிடங்காகவும் மாறியதற்கு வானம் பொறுப்பாகாது. உங்கள் ஊரின் தட்டுப்பாட்டில் மழையின் பங்கு எவ்வளவு, மனிதர் எடுத்த முடிவுகளின் பங்கு எவ்வளவு என்பதை நீங்களே ஆராயலாம்.

ஏரியிலிருந்து தொடங்குங்கள். ஊரின் நிலங்களைப் புல எண்வாரியாகப் பதிவு செய்யும் வருவாய்த்துறை ஏடான கிராம ‘அ’ பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்காகப் பதிவான புல எண்களையும் பரப்பையும் குறித்துக்கொண்டு, புல வரைபடத்துடன் வரத்துக்கால்வாய் நெடுகிலும் நடந்து பாருங்கள். ஏரி முழுமையாக இருந்தும் கால்வாயைச் சாலையோ மனைப்பிரிவோ மறித்திருந்தால் நீர் வந்து சேராது. ஏரி நிறைந்தபின் மிகுதி நீர் வழிந்தோடும் கலங்கலை உற்றுப் பார்ப்பது மிக முக்கியம்: ஏரிக்குள் பயிரிடுபவரின் நிலம் மூழ்காமலிருக்கக் கலங்கல் உடைக்கப்பட்டோ தாழ்த்தப்பட்டோ இருந்தால், எத்தனை மழை பெய்தாலும் ஏரி நிறையாது. அந்த உடைப்பு ஆண்டுக்கணக்கில் சரிசெய்யப்படாமல் கிடந்தால், அதற்குப் பின்னால் எவருடைய செல்வாக்கு இருக்கிறது என்று விசாரியுங்கள்.

அடுத்தது குழாய். தெருவாரியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நீர் வருகிறது என்பதை ஒரு வாரம் எழுதி வாருங்கள். மேல்நிலைத் தொட்டிக்கு அருகிலுள்ள வீடுகள் மோட்டார் வைத்து உறிஞ்சும்போது கடைமடைத் தெருவுக்குக் காற்றுதான் வரும். பல ஊர்களில் அந்தக் கடைமடை தலித் குடியிருப்பாக இருப்பது தற்செயலன்று. குடம் சுமக்கும் பெண்களிடமே கேட்டு எழுதுங்கள், ஏனெனில் காத்திருந்த நேரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

டேங்கர் லாரிகள் எவருடைய ஆழ்துளைக் கிணற்றில் நிரப்புகின்றன என்பதையும் கவனியுங்கள். நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் 2013இல் நீக்கப்பட்டது. ஆழமாகத் துளையிடப் பணமுள்ளவர் எடுத்தது போக மிஞ்சியதே பக்கத்துக் கிணற்றுக்கு என்ற நிலைக்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அளியுங்கள். “ஏன் தண்ணீர் இல்லை” என்ற கேள்விக்குப் பயனுள்ள பதில் வராது. ஏரி நீர்வளத்துறையின் பொறுப்பில் இருந்தால், 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி அதன் எல்லை அளக்கப்பட்டதா, எத்தனை பேருக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது என்று ஆவண நகலுடன் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். கிடைத்த ஆவணங்களை, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் முன்வைத்து, கலங்கலைச் சீரமைக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தீர்மானம் கோருங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.