காப்பிக்கடையில் நாசி லெமாக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேங்காய்ச் சோறு என்றதும் நம் வீட்டுச் சமையலை மனத்தில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் தேங்காய்ப்பாலில் வெந்த மலாய்ச் சோறான நாசி லெமாக் விற்கும் கடையின் முன் நிற்பதுதான் தமிழர்கள் பலர் செய்யும் முதல் தவறு. நம் வீடுகளில் சோற்றை வடித்து ஆறவிட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, துருவிய தேங்காயைக் கடைசியில் சேர்த்துப் புரட்டுகிறோம். நாசி லெமாக்கில் அரிசி தேங்காய்ப்பாலிலேயே வேகிறது. பாண்டான் எனப்படும் வாசனை இலையின் மணமும் இஞ்சியின் காரமும் உப்பும் அந்தப் பாலோடு சேர்ந்து பருக்கைக்குள் இறங்கிவிடுகின்றன. ஆகவே இந்த உணவில் சோறே முதன்மையானது. சம்பால் எனப்படும் வதக்கிய மிளகாய் விழுதும் நெத்திலியும் பொரித்த கோழியும் அதற்குத் துணைதான். கறிக்கும் குழம்புக்கும் ஒரு தளமாக மட்டுமே சோற்றைக் கருதும் பழக்கத்தோடு அணுகினால், மிக நன்றாகச் சமைத்த தட்டுகூட நம் நாவுக்குச் சாதாரணமாகப்படும்.

அந்தப் பழக்கத்திலிருந்தே அடுத்த தவறும் பிறக்கிறது. சீனர்கள் நடத்தும் நாசி லெமாக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் கோழி இறக்கை, ஓத்தா (மசாலா கலந்த மீன் விழுதை இலையில் சுற்றிச் சுட்டது), மீன் கேக், லஞ்சன் மீட் (டின்னில் அடைத்த இறைச்சி), கறியில் வெந்த காய்கள், பல வகை முட்டைகள் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. பார்த்ததையெல்லாம் சுட்டிக் காட்டினால் விலையும் ஏறும், தட்டிலும் எண்ணெய்ப் பண்டங்களே நிறைந்து சோறு அடியில் மறைந்துபோகும். முதன்முறை சாப்பிடுபவர் சோறு, சம்பால், நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரிக்காய், முட்டை ஆகியவற்றோடு பொரித்த மீனோ கோழியோ ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்வது போதும் என்பது என் உறுதியான கருத்து. நெத்திலியும் கடலையும் மொறுமொறுப்பையும் உப்பையும் தருகின்றன. வெள்ளரிக்காய் காரத்தையும் தேங்காய்ப்பாலின் கொழுப்பையும் தணிக்கிறது. எனவே வெள்ளரிக்காயை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவைப்பது தட்டின் சமநிலையையே குலைத்துவிடும்.

சம்பாலைத் தொடுவதற்கு முன் சோற்றை மட்டும் ஒரு வாய் உண்டு பார்க்காமல் இருப்பது, மிக எளிதாகத் தவிர்க்கக்கூடிய பிழை. நல்ல நாசி லெமாக் சோறு ஈரப்பதத்தோடு இருக்கும், ஆனால் குழைந்திருக்காது. தேங்காயின் இனிமை தெரியும், ஆனால் எண்ணெய் உதட்டில் ஒட்டாது. அரிசியைத் தொடக்கத்திலேயே கெட்டியான பாலில் வேகவைத்தால் அடிப்பிடிக்கவும் சமமாக வேகாமல் போகவும் வாய்ப்புண்டு. அதனால்தான் அக்கறையுள்ள சமையற்காரர்கள் சிலர் அரிசியை முதலில் ஆவியில் வேகவைத்து, பிறகு பாலில் கலந்து மீண்டும் ஆவியில் வைக்கிறார்கள். இந்த உழைப்பு சோற்றை மட்டும் சுவைக்கும்போதுதான் புலப்படும். சோற்றின் நிறம் இதற்கு அளவுகோல் ஆகாது. பச்சை நிறச் சோறு பாண்டான் சாற்றாலும் வரலாம், நிறமியாலும் வரலாம். அதில் தேங்காய்ப்பால் கூடுதலாக இருக்கும் என்று எண்ணுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

சம்பாலை மொத்தமாகச் சோற்றில் பிசைந்துவிடுவது அடுத்த தவறு. காய்ந்த மிளகாய், வெங்காயம், பெலாச்சான் எனப்படும் இறால் விழுது, புளி, சர்க்கரை ஆகியவற்றை எண்ணெய் பிரியும் வரை மெதுவாக வதக்கிச் செய்யும் சம்பால், நம் தொக்குக்கு இணையான அடர்த்தி கொண்டது. அதை ஒரு கவளத்துக்குக் கொஞ்சமாகத் தொட்டுச் சாப்பிட்டால் சோறும் தெரியும், சம்பாலும் தெரியும். கடைக்குக் கடை இனிப்பும் காரமும் மாறும் என்பதால், இனிப்பாக இருக்கும் சம்பாலைச் சுவை தவறியது என்று உடனே தள்ளிவிடவும் வேண்டியதில்லை. சோற்றின்மேல் கறிக் குழம்பை ஊற்றச் சொல்வதையும் தவிர்க்கலாம். வெள்ளைச் சோற்றோடு பல கறிகளையும் பரிமாறும் நாசி பாடாங்குக்கு அது பொருந்தும். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின்மேல் இன்னொரு தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றினால் இரண்டின் மணமும் மங்கிவிடும்.

சைவ உணவு உண்பவர்களும் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்களும் செய்யும் தவறுகளை நான் மிகவும் கவலையோடு குறிப்பிட விரும்புகிறேன், ஏனென்றால் இவை ருசியோடு நின்றுவிடாமல் மனத்தையும் புண்படுத்தக்கூடியவை. நெத்திலியையும் முட்டையையும் எடுத்துவிட்டால் தட்டு சைவமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சம்பாலுக்குள் பெலாச்சான் இருக்கிறது. சில கடைகளில் நெத்திலியையும் சம்பாலோடு சேர்த்தே வதக்குகிறார்கள். அழுத்திய சோற்றுக் கட்டிகளைக் காய்கறிக் குழம்பில் இட்டுத் தரும் லோந்தோங்கும் இப்படித்தான். தோஃபுவும் தெம்பே எனும் புளிக்கவைத்த சோயாக் கட்டியும் முட்டைக்கோஸும் பயற்றங்காயும் மிதக்கும் அந்தத் தேங்காய்ப்பால் குழம்பு பார்வைக்குச் சைவமாகவே தெரிந்தாலும், அதன் மசாலாவில் உலர்ந்த இறாலை அரைத்துச் சேர்ப்பது வழக்கம். சைவமாகவே சாப்பிட விரும்புவோர் சீனச் சைவக் கடைகளில் விற்கும் நாசி லெமாக்கை நாடுவது பாதுகாப்பானது. அங்கும் முட்டை இருக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாட்டிறைச்சியைப் பொறுத்தவரை, மசாலாவில் வற்ற வேகவைத்த இறைச்சியான ரெண்டாங்கைப் பலரும் எச்சரிக்கையோடு அணுகுகிறார்கள், ஆனால் உருளைக்கிழங்கு வடைபோலத் தோன்றும் பெகெடிலை யோசிக்காமல் எடுத்துவிடுகிறார்கள். அதில் கொத்திய மாட்டிறைச்சியைச் சேர்ப்பது உண்டு. மலாய்க் கடைகளில் கரும்பழுப்பு நிறத்தில் மெல்லிய துண்டுகளாகப் பொரித்து வைத்திருக்கும் பாரு, மாட்டின் நுரையீரல். கடையில் இருக்கும் பெண்மணியைக் ‘கக்’ (அக்கா) என்றோ, மூத்தவரானால் ‘மாச்சிக்’ (அத்தை) என்றோ அழைத்து, “அடா லெம்பு?” (மாட்டிறைச்சி இருக்கிறதா?) என்று கேட்டால் அவர் தயங்காமல் சொல்லிவிடுவார். கேட்பதில் கூச்சப்பட எதுவுமே இல்லை. எடுக்கும் இடுக்கியைப் பல பண்டங்களுக்கும் பொதுவாகப் பயன்படுத்துகிறார்களா என்பதையும் கவனிக்கலாம். நிலக்கடலையோ இறாலோ ஒவ்வாதவர்களுக்கு இந்தக் கேள்விகள் இன்னும் முக்கியமானவை. கடலையைப் பொறுக்கி எடுத்துவிடுவது மட்டும் அவர்களுக்குப் பாதுகாப்பாகாது.

தமிழ் முஸ்லிம்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரே காப்பிக்கடைக்குள் பல கடைகள் தனித்தனியாக இயங்குகின்றன; ஒரு கடையில் ஹலால் சான்றிதழ் தொங்குவதால் பக்கத்துக் கடையும் அப்படித்தான் என்று கொள்ள முடியாது. முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் வழங்கும் சான்றிதழ் அந்தந்தக் கடையின் முகப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீனர் நடத்தும் நாசி லெமாக் கடையின் லஞ்சன் மீட் பெரும்பாலும் பன்றி இறைச்சியாகவே இருக்கும். கோழி இறக்கையும் அதே எண்ணெயில் பொரிந்திருக்கலாம்.

சாங்கி வில்லேஜிலும் ஆடம் ரோட்டிலும் உள்ள உணவங்காடி நிலையங்களின் நாசி லெமாக் கடைகள் பெயர்பெற்றவை. அங்கே வரிசையில் நிற்பதில் தவறில்லை, ஆனால் அந்தப் பெயர்களுக்காகவே நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் காப்பிக்கடையைச் சோதித்தும் பார்க்காமல் விடுவது இழப்பு. சோற்றுப் பாத்திரத்தை ஆவி பறக்க மூடி வைத்திருக்கிறார்களா, காலையில் வேலைக்குச் செல்வோர் நின்று வாங்கிப் போகிறார்களா என்பதைக் கவனித்தாலே ஓரளவு புரிந்துவிடும். காலை உணவாக விற்கும் கடைக்குப் பிற்பகலில் போனால் இறுகிய அடிச்சோறுதான் கிடைக்கும். இரவில் மட்டும் திறக்கும் கடைகளும் உண்டு என்பதால், சோறு புதிதாக இறங்கும் நேரத்தை ஒருமுறை விசாரித்துவைப்பது நல்லது.

வாங்கிச் செல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். தேங்காய்ப்பால் கலந்த உணவு விரைவில் கெடும். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்றும், சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்றும் சிங்கப்பூர் உணவு அமைப்பு அறிவுறுத்துகிறது. காலை ஏழு மணிக்கு வாங்கிய பொட்டலத்தை அலுவலக மேசையில் வைத்திருந்து மதிய உணவாக்குவது இந்த வரம்பைத் தாண்டிவிடும். நாம் வாங்குவதற்கு எவ்வளவு நேரத்துக்கு முன்பே அது சமைக்கப்பட்டது என்பதும் நமக்குத் தெரியாது. “சம்பால் ஆசிங்” என்று சொல்லிச் சம்பாலைத் தனியாகக் கட்டச் சொன்னால் நெத்திலியும் கடலையும் நமுத்துப்போகாமல் இருக்கும்.

அளவைக் குறைக்க விரும்புவோர் “நாசி சிகிட்” என்றால் போதும், கடைக்காரர் சோற்றைக் குறைத்து வைப்பார். இவ்வளவு கொழுப்புள்ள சோற்றோடு கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரையும் சேர்ப்பதைவிட, பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பியான காப்பி ஓ கோசோங் அல்லது அதேபோன்ற தேநீரான தே ஓ கோசோங் நாக்கைச் சுத்தமாக்கி அடுத்த வாய்க்கு இடம் தரும். 2022 ஜனவரி முதல் காப்பிக்கடைகளிலும் தட்டுகளைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. ஹலால் தட்டுகளுக்கும் மற்றத் தட்டுகளுக்கும் தனித்தனி அடுக்குகள் இருக்கும் இடங்களில், எந்தக் கடையில் வாங்கினோம் என்பதைப் பார்த்து உரிய அடுக்கிலேயே வைக்க வேண்டும்.