பழைய சீற்றைக் கழற்றிய கதை

கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் குசினிக்கு மேலே பழைய காலத்துச் சீமெந்துக் கூரைச் சீற். மாரிக்கு முன் ஒழுக்கை நிப்பாட்ட ஏறிப் பார்த்தேன். வெடித்த ஓரத்தில் சீமெந்துக்குள் இருந்து மயிர்போல வெள்ளை நார் நீட்டிக்கொண்டிருந்தது. அஸ்பெஸ்ரஸ், அதாவது கல்நார், என்று சந்தேகப்பட அது போதும். ஆனால் வேறு நார் போட்ட சீற்றும் உண்டு. ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டிதான் உறுதியாகச் சொல்லும். பழைய சீற்றென்றால் அஸ்பெஸ்ரஸ் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மேசன் தம்பி கிறைண்டரோடு வந்தார். “வெட்டி எடுத்திடுவம் அண்ணை.” வேண்டாம் என்றேன். உடையாத சீற் சும்மா கிடந்தால் பெரிதாகப் பயமில்லை. வெட்டுவது, துளைப்பது, கம்பித் தூரிகையால் பாசி சுரண்டுவது, இவற்றில்தான் தூசி கிளம்பும். அது நெஞ்சுக்குள் போனால் பத்திருபது வருசம் கழித்தும் புற்றுநோய் வரலாம்.

சீற்றைத் தண்ணீர் தெளித்து நனைத்து, கொக்கி ஆணியின் நட்டைக் கழற்றி முழுசாக இறக்கினோம். தூசியை வடிகட்டும் இறுக்கமான மாஸ்க்தான் போட்டோம். சாதாரண மருத்துவ மாஸ்க் இதற்குக் காணாது. சீற்றைத் தடித்த பொலித்தீனில் சுற்றி ரேப் ஒட்டினோம். சிந்திய தூளைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அதற்குள்ளேயே போட்டோம். மேலே இப்போது தகரம். மழைக்குச் சத்தம்தான் கொஞ்சம் கூட.

பக்கத்து வீட்டு மாமி கோழிக்கூட்டுக்கு அந்தப் பழைய சீற்றைக் கேட்டா. கொடுக்கவில்லை. இன்னும் கோபம்.