தொலைநோக்குப் பேச்சு: தலைவர்கள் சொதப்பும் இடங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வருஷப் பிறப்புக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஷாமியானா, மைக், ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ். எம்.டி. எழுந்து, "2030-க்குள் உலகத் தரத்தில் முன்னணி நிறுவனமாக உயர்வோம்" என்கிறார். முன்வரிசையில் சூப்பர்வைசர்கள் கை தட்டுகிறார்கள். கடைசி வரிசையில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிற பெண்கள் பேசிக்கொள்வது வேறு: "இந்த வருஷமாவது கம்பெனி பஸ் நம்ம ஸ்டாப்புல நிக்குமாக்கா?"

அவர்களுக்கு அக்கறை இல்லை என்று எம்.டி. நினைத்தால் அதுதான் முதல் தவறு. அவர் காட்டிய எதிர்காலத்தில் அவர்கள் எங்கேயுமே இல்லை. கம்பெனி முன்னணிக்கு வந்தால் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மாறும்? "பழுது என்று திரும்பி வருகிற ஜோடிகள் குறைந்தால், அதைப் பிரித்துத் தைக்க ராத்திரி வரை உட்கார வேண்டாம், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லியிருந்தால் கடைசி வரிசையும் நிமிர்ந்திருக்கும். இலக்கு அதேதான். சொல்லப்பட்டது மட்டும் தைக்கிறவர் இருக்கிற இடத்திலிருந்து.

'உலகத் தரம்', 'முன்னணி', 'அடுத்த கட்டம்' போன்ற சொற்கள் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். உங்கள் பேச்சில் கம்பெனி பெயரை மாற்றினாலும் அது செல்லுபடியாகிறது என்றால், அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

புள்ளிவிவரத்தை நம்பி ஆளை மறப்பது

வேலூரில் இருந்துகொண்டு இந்தத் தவறைச் செய்யாதவருக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் நிதி கேட்டும் ஆதரவு கேட்டும் பேசியபோது அவருடைய பேச்சுக்கு அச்சாணியாக இருந்தது ஒரே ஒரு இரவின் கதை. பிரசவ வேதனையில் இருந்த மனைவியைக் காப்பாற்றக் கேட்டு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்தவர் இல்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். (இது வேலூரில் நடந்ததாகப் பலர் சொல்கிறார்கள். நடந்த இடம் திண்டிவனம்.)

இதைக் கேட்டவருக்கு என்ன தேவை என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண் டாக்டர்கள் வேண்டும், அவ்வளவுதான். பிரசவ மரணங்களின் கணக்கை அட்டவணையாக வாசித்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆனால் கதை மட்டும் போதும் என்று நினைப்பதும் பிசகுதான். டாக்டராகி 1900-இல் திரும்பி வந்த ஐடா, முதலில் வேலூரில் நோயாளிகளைப் பார்த்தது ஒரு படுக்கை கொண்ட சின்ன இடத்தில். 1902-இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1909-இல் நர்ஸ் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஒவ்வொரு முறை அவர் அடுத்ததைக் கேட்கும்போதும், முன்பு சொன்னது கண்ணெதிரே கட்டடமாக நின்றது. இன்று நம் தலைவர்கள் பலர் மருத்துவக் கல்லூரியை முதல் நாளே அறிவித்துவிடுகிறார்கள். அந்த ஒரு படுக்கையை மட்டும் யாரும் போடுவதில்லை.

மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். வேலூர் கோட்டைக்குள் நடந்து பார்க்கிறவர்களுக்கு 1806 ஜூலை 10 அன்று அங்கே வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சி தெரியும். அதற்கு முந்தைய மாதங்களில் நடந்ததைத்தான் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் படிக்க வேண்டும். ஆங்கிலேயக் கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி ஜான் கிரேடக் சிப்பாய்களின் தோற்றத்தை ஒரே சீராக்க நினைத்தார். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். அவர் பார்வையில் அது ஒழுங்கு. சிப்பாய்களின் பார்வையில் மதத்தில் கைவைப்பது. மே மாதமே வேலூரில் எதிர்ப்பு கிளம்பியது. கிடைத்த பதில் சவுக்கடி. அதன் பிறகு பேச்சு அடங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள்.

கிளர்ச்சிக்கு அது ஒன்றே காரணமில்லை. கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் ரத்தம் சிந்திய பிறகு அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது, கிரேடக்கும் சென்னை கவர்னர் பெண்டிங்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். மே மாதத்தில் உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம்.

இப்போது சவுக்கு இல்லை. கேள்வி கேட்டவரை அடுத்த வாரமே வேறு ஷிப்டுக்கு மாற்றுவது இருக்கிறது. ஒருமுறை அப்படி நடந்தால் போதும், அதன்பின் உங்கள் கூட்டங்களில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று எத்தனை தடவை கேட்டாலும் "இல்லை சார்" என்பதுதான் பதில். நிஜம் டீக்கடையில் பேசப்படும். அதனால் கூட்டத்துக்கு முன்பே நாலு பேரிடம், முக்கியமாக முணுமுணுக்கிற ஆளிடம், திட்டத்தைச் சொல்லி "இதில் எது உதைக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள். அவர் சொன்னதைப் பேச்சிலும் சேருங்கள்.

மற்றவை சின்னவை, ஆனால் அடிக்கடி நடப்பவை. ஒரே தடவை சொல்லிவிட்டு எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று விட்டுவிடுவது. உங்களுக்கு அலுத்துப்போகும் நேரத்தில்தான் கடைசி வரிசைக்கு எட்டவே தொடங்கியிருக்கும். அப்புறம், "தரமே முக்கியம்" என்று காலையில் பேசிவிட்டு, மாலையில் லாரி நிற்கிறது என்பதற்காகப் பிசிறு தையலைப் பெட்டியில் போடச் சொல்வது. அந்த மாலையோடு காலைப் பேச்சு செத்தது.

வேலையில் பங்கு கொடுக்காமல் கனவை மட்டும் கொடுப்பதும் உண்டு. வேலூர் மாவட்டத்தில் நாகநதியை மீட்கும் பணியில் நூறு நாள் வேலைப் பெண்கள் சிமெண்ட் உறை இறக்கி, மழைநீரை நிலத்துக்குள் அனுப்பும் செறிவூட்டும் கிணறுகளைக் கட்டினார்கள். 'நதியை மீட்போம்' என்பது பெரிய பேச்சு. இந்த இடத்தில் இன்றைக்கு ஓர் உறை என்பது கைக்கு எட்டுகிற வேலை, சாயங்காலம் முடிந்ததா இல்லையா என்று பார்த்தாலே தெரியும்.

கடைசியாக, சொன்னது நடக்காதபோது வாயை மூடிக்கொள்வது. ஆர்டர் கைநழுவிவிட்டது, புது யூனிட் இந்த வருஷம் வராது. சரி, அதையும் அதே ஷாமியானாவில், அதே மைக்கில் நீங்களே சொல்லுங்கள். எது தள்ளிப்போகிறது, எது நிற்கிறது, யாருடைய வேலைக்கு ஆபத்தில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் சாயங்கால பஸ் காட்பாடி தாண்டுவதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் இரண்டு பங்கு கூட்டி.