கூத்து அரங்கேற்றத்தை அறிவிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

மட்டக்களப்பில் ஒரு கூத்து களரிக்கு, அதாவது ஆடும் களத்துக்கு, வர மாதக்கணக்காகும். சட்டம் கொடுத்து (ஆடுபவருக்கு அவரவர் பாட்டும் வசனமும் கொடுத்து), கிழமை தவறாமல் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை), அதன் பிறகுதான் அரங்கேற்றம். இவ்வளவு பொறுமையாக வளர்த்த கூத்தைப் பற்றிய செய்தியை மட்டும் கடைசி இரண்டு நாளில் அவசரமாக எழுதுகிறோம். சதங்கை அணி விழாவே தனிச் செய்தி. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை முதன்முதலாகச் சதங்கை கட்டும் படத்தை எந்தப் பிராந்தியச் செய்தியாளரும் விரும்பி வாங்குவார். அடுக்குப் பார்க்கும் இரவும் அப்படித்தான். இரண்டையும் சும்மா விட்டுவிடுகிறோம்.

அடுத்தது அழைப்பிதழ். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று பக்கம் நிறைந்துவிடும். கூத்தைப் பழக்கிய ஆசானான அண்ணாவியாரின் பெயர் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். பத்திரிகைக்கும் விளக்கேற்றும் படம்தான் போகும். எங்கள் ஊர்க் கூத்துக்கு ஒருமுறை நான் எழுதிய குறிப்பில் அண்ணாவியார் பெயரே விடுபட்டுப்போனது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. முதல் வரியில் அவர் பெயரையும் மத்தளக்காரர் பெயரையும் எழுதுங்கள்.

'பாரம்பரியக் கூத்து' என்று மட்டும் போட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கூத்தின் இரு பாணிகளில் எது, வடமோடியா, தென்மோடியா? என்ன கதை? பாரதப் போர்க்கதையில் விறுவிறுப்பான ஆட்டம் பார்க்க வருகிறவர் வேறு, தென்மோடிப் பாட்டுக்காக வருகிறவர் வேறு.

நேரத்திலும் உண்மை வேண்டும். மாலை 6 மணி என்று அச்சடித்து, உரைகள் முடிந்து, கூத்தில் முதலில் களரிக்கு வரும் கட்டியகாரனின் வரவு 9 மணிக்கு என்றால், கல்முனையிலிருந்து வந்த குடும்பம் அடுத்த முறை வராது. வரவு தொடங்கும் நேரத்தையே போடுங்கள். 'அம்மன் கோயில் முன்றல்' என்பதும் ஊராருக்கு மட்டும் போதும். கன்னன்குடாவில் கூத்து என்றால், வலையிறவுப் பாலம் கடந்து எப்படி வருவது என்று ஒரு வரி வேண்டும். வைகாசியில் பல ஊர்களில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும், அதையும் பார்த்துத் திகதி வையுங்கள். அம்பாறைப் பக்கம் என்றால் சிங்களத்திலும் ஒரு பந்தி எழுதி அனுப்பலாம்.

அப்புறம், போஸ்டரைப் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். செய்தியாளர் அதைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும், பெயர்கள் பிழைத்துவிடும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டினாலும் வாசிக்க முடியாமல் போகும். யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள்.

விடிய விடிய ஆடி முடிந்ததும் எல்லாரும் படுத்துவிடுகிறோம். பத்திரிகைக்குப் படம் வேண்டியது அந்தக் காலையில்தான். கூத்தாடாத ஒருவரை இதற்கென்று முன்கூட்டியே பேசி வையுங்கள். படத்தின் கீழே யார் எந்த வேடம் என்று பிழையில்லாமல் எழுதக்கூடியவராக அவர் இருக்க வேண்டும்.