நூல் உடையுமா?

புதுச் சொல்லுக்குப் பொருளை மட்டும் சொல்லித்தந்தால் குழந்தை மறுநாளே மறந்துவிடும். ‘அறுதல்’ என்றால் துண்டாவது என்று விளக்கிப் பாருங்கள், மனதில் ஒட்டாது. அதையே பழைய செருப்பைக் கையில் கொடுத்து, “வார் அறுந்துபோச்சு பார்” என்று சொல்லுங்கள்.

அப்புறம் வரிசையாக வரட்டும்: தட்டு உடைந்தது, கிளை முறிந்தது, சட்டை கிழிந்தது, சுவர் விரிசல் விட்டது. எல்லாவற்றுக்கும் ‘உடைஞ்சிடுச்சு’ என்றே சொல்லும் பிள்ளைக்கு வித்தியாசம் தானாகப் பிடிபடும். எத்தனை அழகான சொற்கள், வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன!

“சரி, பென்சில் முனை என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ‘ஒடிந்தது’ வரும்வரை யோசிக்கட்டும். வாக்கியத்தைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், அது முக்கியம்.

“நூல் உடைஞ்சது” என்றால் அதட்ட வேண்டாம். “ஆமா, நூல் அறுந்துபோச்சு, வேறு எடுத்துக் கட்டலாம்” என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள்.