பழைய ஜிம்னியில் கையால் பூட்டும் ஹப்: முதலில் ஒரு ரப்பர் குழாயைப் பாருங்கள்

நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றினால் டேஷ்போர்டு விளக்கு நிலையாக எரியாமல் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். சிக்னலில் நின்றால் எஞ்சின் லேசாக இருமும், ஆர்பிஎம் ஊசி ஏறும், இறங்கும். என் சுசுக்கி ஜிம்னி இந்த இரண்டு வியாதியோடும் ஒரு வருடம் ஓடியது. இரண்டும் தனித்தனி என்று நினைத்தேன். முன்சக்கரத்தை அச்சோடு பூட்டும் ஹப் போய்விட்டது என்று முடிவுகட்டி, கையால் பூட்டும் ஹப் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அப்புறம்தான் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்த மாமா கேட்டார்: “டேய், இந்தக் குழாய் வெடிச்சிருக்கே, இதைப் பாத்தியா நீ?”

பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. 1998 முதல் 2018 வரை வந்த மூன்றாம் தலைமுறை ஜிம்னியில், 1328 சிசி எம்13ஏ எஞ்சின் உள்ள ஜேபி43 வண்டியை வைத்துச் சொல்கிறேன். வேறு வண்டி என்றால் போல்ட் அளவுகள் மாறும், யோசனை மாறாது.

எங்கே செய்வது, எது கூடாது

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட முடியாது, அங்கே பழுதுபார்க்க அனுமதி இல்லை. நான் ஈசூனில் புளோக் வாசி. அதனால் சிலேத்தார் ஹில்ஸில் தரைவீட்டில் இருக்கும் மாமாவின் போர்ட்டிகோதான் எனக்கு ஒர்க்‌ஷாப். உங்களுக்கு அப்படி ஒரு மாமா இல்லையென்றால், தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓரம் கேட்டுப் பாருங்கள். தரை சமமாக, சிமெண்டாக இருக்க வேண்டும். புல்தரையில் ஜாக் புதையும்.

எஞ்சினையே மாற்றுவது, டர்போ போடுவது போன்றவற்றுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். நாம் செய்யப்போவது அந்த ரகமில்லை. எஞ்சின் பக்கம் தேய்ந்ததைப் புதுப்பிக்கிறோம், சக்கரப் பக்கம் ஹப்பை மாற்றுகிறோம். இருந்தாலும் கை வைக்கும் முன் ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள். பத்து வயது தாண்டி, சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. சாலை வரியும் 10 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை கூடுதலாக ஏறும். இவ்வளவு கொடுத்து வைத்திருக்கும் வண்டியைப் பரிசோதனை நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பினால் வயிறு எரியும்.

ஹப் என்ன செய்கிறது

ஜிம்னியில் எப்போதும் ஓடுவது பின்சக்கரம். முன்சக்கரங்கள் சும்மா உருளும்போது முன் அச்சும், வலுவை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் அவற்றோடு சேர்ந்து சுற்றத் தேவையில்லை. அதற்காகச் சக்கரத்தையும் அச்சையும் பிரித்து வைக்கும் ஒரு பூட்டுத்தான் ஹப். நான்கு சக்கர ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் பூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வண்டியில் அந்தப் பூட்டை இழுப்பது காற்றுறிஞ்சல், அதாவது வேக்குவம். எஞ்சின் மூச்சை இழுக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வேக்குவம், மெல்லிய ரப்பர் குழாய்கள் வழியாகச் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுக்குப் போய், அங்கிருந்து முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள் வரை இறங்குகிறது. நக்கிளுக்குள் சில சீல்களைத் தாண்டி ஹப்பின் டயஃப்ராமை (சவ்வை) இழுக்கிறது. வழியில் எங்கே ஓட்டை விழுந்தாலும் ஹப் பூட்டாது. ஓட்டை எஞ்சினுக்குப் பக்கத்தில் விழுந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடிலும், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் சீரும், கெடும். என் வண்டியின் இருமலும் கண்சிமிட்டலும் ஒரே குழாயிலிருந்து வந்தவை.

எஞ்சின் பக்கம்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் இடம் கிடைக்கும். மேனிஃபோல்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு சின்னக் குழாயையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். குழாய் உலோக முனையில் மாட்டியிருக்கும் அந்தக் கடைசி ஒரு சென்டிமீட்டரில்தான் விரிசல் விழும். என் குழாய் மேலே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. மாமா நுனியை இலேசாக வளைத்தார். கருப்பு ரப்பர் மீன் செவுள் மாதிரி திறந்துகொண்டது. நம்மூர் வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து பத்துப் பதினைந்து வருடம் வேகவைத்த ரப்பர், வேறு எப்படி இருக்கும்?

கண்ணுக்குத் தெரியாத கசிவு என்றால் எஞ்சினை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி மூட்டுகளில் மட்டும் லேசாகத் தெளியுங்கள். ஐடில் சத்தம் மாறும் இடத்தில் கசிவு. யூடியூபில் சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். அது தீப்பற்றும் பொருள், சூடான எக்சாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டாம். ஃபேன் பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக்குழாய் வாங்கும்போது பழைய துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். உள்விட்டம் அதேதானா, வேக்குவத்துக்கான தடித்த சுவர் உள்ளதா என்று பாருங்கள். மீன்தொட்டிக் குழாய் மாட்டினால் எஞ்சின் இழுக்கும்போது உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குழாயாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டு எது எங்கே என்று முழிக்காதீர்கள். எனக்கு மொத்தச் செலவு இருபது வெள்ளிக்குள்.

திறந்ததுதான் திறந்தோம் என்று இன்னும் மூன்று வேலை. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியை அதற்கான கிளீனரில் நனைத்த துணியால் துடைத்தேன். மின்னணு த்ராட்டில் என்றால் தட்டை விரலால் தள்ளாதீர்கள், மோட்டார் கெடும். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பார்த்தேன், கடகடவென்று சத்தம் வந்தது, நல்லது. சத்தம் வராவிட்டால் அடைத்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைப் புதிதாகப் போட்டேன். என்ஜிகே (NGK) பிளக் என்றால் எண்ணின் கடைசியில் 11 என்று இருப்பது 1.1 மி.மீ. இடைவெளி. அலுமினிய ஹெட்டில் பிளக்கை முதல் சில சுற்று கையாலேயே திருகுங்கள். ஸ்பேனரைப் போட்டு ஆரம்பித்தால் மரை போய்விடும், அது பெரிய செலவு.

இதெல்லாம் முடிந்ததும் வண்டியை எடுத்துப் போய் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டுப் பாருங்கள். விளக்கு நிலையாக எரிந்து, ஜாக்கில் தூக்கிப் பார்க்கும்போது இரு பக்கமும் பூட்டுகிறது என்றால் உங்கள் ஹப் நன்றாகவே இருக்கிறது. பிஐஇ, ஈசிபி போன்ற விரைவுச்சாலைகளில் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கை ஹப் போட்டால் வண்டிக்குப் பலம் ஒன்றும் கூடிவிடாது.

எனக்குக் குழாய் மாற்றியதும் இருமல் போயிற்று. ஆனால் இடது சக்கரம் பூட்டவில்லை. ஊசி வைத்த கைப்பம்பால் அந்தப் பக்கக் குழாயில் வேக்குவம் கொடுத்துப் பார்த்தோம். ஊசி நிற்காமல் விழுந்தது. நக்கிளுக்குள் இருக்கும் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்ற முன்சக்கரப் பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டும். கை ஹப்பை வெளியிலுள்ள டயலைத் திருப்பியே பூட்டலாம், வேக்குவம் வேண்டாம். சரி, வாங்கி வைத்த ஹப் வீண் போகவில்லை.

ஹப் மாற்றுவது

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைப்பிரேக் போடுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப்பைச் சுற்றியுள்ள ஆறு போல்ட்டுகளையும் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். ரிம் நடுவில் ஹப் வெளியே தெரிவதால் இது முடியும், சக்கரமும் சுற்றாது. துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஆறு முனை சாக்கெட் பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் வழுக்கிப் போல்ட்டின் தலையை உருட்டிவிடும்.

அப்புறம் முன் அச்சைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்து, பழைய ஹப்பைப் பிளாஸ்டிக் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் விட்டுக்கொடுக்கும். ஸ்குரூடிரைவரை இடுக்கில் செருகி நெம்பினால் சீல் உட்காரும் முகம் கீறிப்போகும்.

இப்போது அச்சின் நுனியில் ஒரு சர்கிளிப் (வளையக் கிளிப்) தெரியும். இதைக் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு கையால் துணியை மேலே பிடியுங்கள். நான் துணி பிடிக்கவில்லை. ‘டிங்’ என்று ஒரு சத்தம், அது மாமியின் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் மண்ணைக் கிளறினோம். மாமி சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

பழைய கிரீஸையும் கேஸ்கெட் துணுக்குகளையும் சுத்தமாகத் துடையுங்கள். புது ஹப்பின் உடல் பகுதியை அச்சின் பல்வரிசையில் பொருத்தி உள்ளே தள்ளுங்கள். சர்கிளிப் அதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். அச்சு உள்ளே போய் நின்றுகொண்டால் பள்ளம் தெரியாது. அச்சு நுனியிலுள்ள மரை ஓட்டையில் பொருந்தும் போல்ட் ஒன்றைத் திருகி, அதைப் பிடித்து வெளியே இழுத்தபடி கிளிப்பை மாட்டுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். மாட்டிய பிறகு கிளிப்பைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கிரீஸ் விஷயத்தில் கை அடக்கம் வேண்டும். அசையும் பாகங்களில் ஒரு மெல்லிய பூச்சு போதும். உள்ளே அப்பி நிரப்பினால் பூட்டுப் பொறி சேற்றில் மாட்டிய கால் மாதிரி நகரத் திணறும். கேஸ்கெட் வைத்து, டயல் மூடியை ஃப்ரீ (பூட்டாத) நிலையில் வைத்துப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறுதி இறுக்கம், இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால், ஹப்போடு வந்த தாளில் உள்ள அளவுக்கு.

அடுத்தது பலரும் மறப்பது. நக்கிளுக்கு வரும் வேக்குவம் குழாய்க்கு இனி வேலை இல்லை. அதைக் கழற்றித் தொங்கவிட்டால், பழையபடி விளக்கு கண்சிமிட்டும். குழாயின் முனையில் ரப்பர் அடைப்பான் போட்டுக் கிளிப்பால் இறுக்குங்கள். அப்போது வேக்குவம் நிலைத்து நிற்கும், என் வண்டியில் விளக்கும் ஒழுங்காக எரிகிறது. நக்கிளில் திறந்திருக்கும் முனைக்கும் தனியாக ஒரு மூடி வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஓடையிலேயே தண்ணீர் பேரிங் பக்கம் போய்விடும்.

சோதிப்பது

வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே, டயல் ஃப்ரீயில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உள்ளே அச்சு அசையக் கூடாது. லாக் போட்டுச் சுற்றினால் அச்சு கூடவே சுற்ற வேண்டும். டயல் பாதியில் நின்றால் சக்கரத்தை முன்னும் பின்னும் இலேசாக ஆட்டுங்கள், பல் பொருந்தும். இடுக்கியால் திருப்பாதீர்கள்.

இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஒன்று லாக், ஒன்று ஃப்ரீ என்றால் டிஃபரன்ஷியல் தன் வலு முழுவதையும் சும்மா சுற்றும் பக்கத்துக்கே விட்டுவிடும், முன்சக்கரம் இழுக்காது. ஹப் லாக்கில் இருக்க, இரு சக்கர ஓட்டத்தில் தார்ச்சாலையில் போவதில் தவறில்லை. ஆனால் ஜிம்னிக்கு நடு டிஃபரன்ஷியல் கிடையாது. உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டு வளைத்தால் கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை ஹப்பை லாக் போட்டுச் சில கிலோமீட்டர் இரு சக்கர ஓட்டத்திலேயே ஓட்டுங்கள். முன் டிஃபரன்ஷியலில் எண்ணெய் சுற்றி வரும்.

சக்கர நட்டுகளையும் ஹப் போல்ட்டுகளையும் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரெஞ்சு வைத்துப் பாருங்கள். எனக்கு ஒரு போல்ட் கால் சுற்று ஏறியது. அதைப் பார்த்தது மலேசியாவின் கோத்தா திங்கியில், செம்பனைத் தோட்டத்து மண்பாதை தொடங்கும் இடத்தில். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் விதிப்படி முக்கால் டாங்கி பெட்ரோல் காட்டிவிட்டு வந்திருந்தோம். மாமா இடது டயலைத் திருப்பினார், நான் வலது. “போட்டுட்டியா?” என்றார். விளக்கு சிமிட்டாமல் எரிந்தது.