அந்தக் கோடு யாருடையது?

புது ரிசீவரை ரேடியோ தொலைநோக்கியில் ஏற்றிய முதல் இரவு, ஸ்பெக்ட்ரத்தில், அதாவது அதிர்வெண் வாரியாகப் பவரைக் காட்டும் படத்தில், எங்காவது ஒரு குறுக்கீட்டுக் கோடு, வானத்திலிருந்து வராத ஒன்று, நிமிர்ந்து நிற்கும். நான் ஏற்றிய எந்த ரிசீவரும் இதற்கு விலக்கில்லை. உடனே எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். செல்ஃபோன் டவரா, விமானமா, புதிதாக யாராவது எதையாவது நிறுவிவிட்டார்களா என்று பேச்சு கிளம்பும். நான் முதலில் சந்தேகப்படுவது என் ரிசீவரை. அடுத்து எங்கள் கட்டடத்தை. ஊராரைப் பற்றி யோசிப்பது அதற்கு அப்புறம்தான். பெரும்பாலும் அதுவரை போகவேண்டிய அவசியமே வருவதில்லை. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஆய்வகத்தில் தொடங்குவோம். குறுகிய பட்டை ரிசீவர் என்றால் வேண்டாததை ஃபில்டர் வாசலிலேயே நிறுத்திவிடும். 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 4 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரே மூச்சில் கேட்கும் அகலப்பட்டை ரிசீவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. வானத்தின் முணுமுணுப்பும் செல்ஃபோனின் கத்தலும் ஒரே ஆம்ப்ளிஃபயருக்குள்தான் நுழைகின்றன. அதனால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் ரிசீவரை மேலே ஏற்றாதீர்கள். அது தன் பங்குக்கு எவ்வளவு இரைச்சல் போடுகிறது? பலமான சிக்னல் வந்தால் நிதானம் இழக்கிறதா?

முதல் கேள்விக்குச் சூடு, குளிர் அளவீடு. ரிசீவரின் வாயான ஹார்னை, ரேடியோ அலைகளை உறிஞ்சும் அப்சார்பர் பலகையால் மூடி, வரும் பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். அறை 22 டிகிரி என்றால் அது 295 கெல்வின். பிறகு அதே வகை அப்சார்பரைத் திரவ நைட்ரஜனில் நன்றாக ஊறவைத்து மறுபடி அளங்கள். இது 77 கெல்வின். இரண்டு பவர்களின் விகிதம் கையில் இருந்தால் போதும். விகிதத்தை 77 ஆல் பெருக்கி 295 இலிருந்து கழியுங்கள். வருவதை, விகிதத்தில் 1 குறைத்த எண்ணால் வகுத்தால் ரிசீவரின் இரைச்சல் வெப்பநிலை, அதாவது அது தானாகப் போடும் இரைச்சலைக் கெல்வினில் சொல்லும் எண், கிடைத்துவிடும். இரண்டு பவர்களின் வித்தியாசம் 5.1 டெசிபெல், அதாவது விகிதம் 3.236, என்றால் விடை சுமார் 20.5 கெல்வின். அதையே 5.0 என்று தவறாகப் படித்தால் 23.8. ஒரு டெசிபெல்லில் பத்தில் ஒரு பங்குக்கு 3 கெல்வின் போய்விடுகிறது! ஆகவே கனெக்டர்களைக் கை பலத்தை நம்பாமல் குறித்த அளவுக்கு மட்டும் முறுக்கும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். ரிசீவர் சூடேறி நிலைக்க ஒரு மணி நேரம் கொடுங்கள். சூடு, குளிர், சூடு என்று மாறிமாறி அளங்கள். முதல் சூடும் கடைசிச் சூடும் ஒத்துவராவிட்டால் நடுவில் ஏதோ நகர்ந்திருக்கிறது. நைட்ரஜனை மூடிய அறையில் ஊற்றவேண்டாம். அது ஆவியாகி ஆக்சிஜனைத் தள்ளிவிடும், மயக்கம் வருவதற்கு முன் எச்சரிக்கை எதுவும் வராது.

இந்த அளவீட்டிலேயே குறுக்கீடு தன்னைக் காட்டிக்கொடுக்கும். குளிர் அளவின்போது வெளிச் சிக்னல் புகுந்தால் அந்த இடத்தில் இரைச்சல் வெப்பநிலை காரணமில்லாமல் மேடாகும். சூடான அளவின்போது புகுந்தால் விகிதம் பெருத்து, வெப்பநிலை குறையும், எதிர்மறைக்கும் போகும். ஒருமுறை 900 மெகாஹெர்ட்ஸ் அருகே எனக்கு மைனஸ் 40 கெல்வின் வந்தது. இயற்பியலுக்கே சவால் விட்ட அந்த அளவை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் மைனஸ்தான். நான்காவது முறை எடுக்கும்போதுதான் கவனித்தேன், அப்சார்பரைத் தூக்கிப் பிடித்திருந்த உதவியாளரின் சட்டைப்பையில் செல்ஃபோன். சூடான அளவுக்கு மட்டும் அவர் பக்கத்தில் வருவார்!

இரண்டாவது கேள்வி நிதானம் பற்றியது. 710.2 மெகாஹெர்ட்ஸில் ஒரு பலமான சிக்னல் இருக்கிறது என்று வையுங்கள். ஆம்ப்ளிஃபயர் திணறினால் அதன் இரட்டிப்பைத் தானே உண்டாக்கும், அது 1420.4. விண்வெளியில் உள்ள நடுநிலை ஹைட்ரஜனின் கோடு நிற்கும் இடம், நாம் தேடுவதே அதைத்தான்! வெளியே எந்தப் பொருளும் 1420 இல் பேசவில்லை, ஆனால் திரையில் கோடு இருக்கிறது. இதைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சந்தேகப்படும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் சிக்னலைக் குறைக்கும் 3 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகுங்கள். உண்மையான சிக்னல் 3 டெசிபெல்தான் இறங்கும். ஆம்ப்ளிஃபயர் பெற்றுப்போட்ட இரட்டிப்பு 6 இறங்கும். இரண்டு சிக்னல்கள் கலந்து பிறந்த மூன்றாம் படிக் கலவை 9 இறங்கும். கோடு தன் பிறப்பைத் தானே சொல்லிவிடுகிறது.

அப்புறம் ஆன்டெனாவைக் கழற்றி, வாயில் வெளிச் சிக்னல் எதையும் விடாத 50 ஓம் டெர்மினேஷனைப் போட்டு, ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். மிஞ்சும் கோடுகள் எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள். சிக்னலை எண்களாக்கும் டிஜிட்டைசரின் சாம்பிள் கடிகாரத்தில் பாதியிலும் கால்வாசியிலும் கோடு நின்றால் அது அந்தச் சிப்பின் பிறவிக் குணம்; குறித்துவைத்துவிட்டு நகருங்கள். சிக்னலைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றும் மிக்ஸர் உள்ள ரிசீவர் என்றால், அதற்கு ஒப்பு அதிர்வெண் தரும் லோக்கல் ஆஸிலேட்டரை 10 மெகாஹெர்ட்ஸ் நகர்த்திப் பாருங்கள். திரையில் வான அதிர்வெண் கணக்கில் அசையாமல் நிற்பது வெளியிலிருந்து வருவது. கூடவே 10 நகர்வது மிக்ஸருக்குப் பின்னால் பிறந்தது. 20 நகர்வது, ஆஸிலேட்டர் அதிர்வெண்ணின் மறுபக்கத்திலிருந்து ஃபில்டர் சரியாகத் தடுக்காமல் வந்த பிம்பம்.

இனி மேலே ஏற்றலாம். தேடத் தொடங்கும் முன் அக்கம்பக்கத்தாரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வீண் அலைச்சல் மிச்சம். 960 முதல் 1215 மெகாஹெர்ட்ஸ் வரை விமானங்களின் தொலைவு அளக்கும் துடிப்புகள், நடுவே 1090 இல் அவை தங்கள் இடத்தைச் சொல்லும் அறிவிப்பு. 1176.45, 1227.60, 1575.42 மூன்றும் ஜிபிஎஸ். 1602 பக்கம் ரஷ்யாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான க்ளோநாஸ். 1616 இலிருந்து 1626.5 வரை செயற்கைக்கோள் ஃபோனான இரிடியம். இவற்றைத் துரத்திப் பயனில்லை. தரவிலிருந்து நீக்கத்தான் முடியும்.

மற்றவற்றுக்கு, கடிகாரத்தைவிடப் பெரிய கருவி கிடையாது. வானத்தில் நிலையாக இருப்பது தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக வரும், ஏனென்றால் நட்சத்திர நாள் 23 மணி 56 நிமிடம். 1930களின் தொடக்கத்தில் ரேடியோ பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி 20.5 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ தொலைபேசிக்குத் தொல்லை தரும் இரைச்சலைத்தான் தேடினார். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அது திரும்பி வந்ததால்தான் பால்வீதியிலிருந்து வருகிறது என்று பிடித்தார். நமக்கு இதே சோதனை தலைகீழாகப் பயன்படும்: தினமும் ஒரே கடிகார நேரத்தில் வந்தால் மனிதர் வேலை. ஞாயிறு லீவு எடுத்தால் சந்தேகமே வேண்டாம். ஒரே ஒரு பொறி உண்டு, நான் இதில் விழுந்திருக்கிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பாதி நட்சத்திர நாளில் பூமியைச் சுற்றுகின்றன. ஆகவே அவையும் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வருகின்றன.

நிமிடக் கணக்கைவிட நுணுக்கமாகவும் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில், 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வெடிக்கும் இரைச்சல் மின்கம்பியில் எங்கோ பொறி பறப்பதால் வருவது. மழை பெய்தால் சில சமயம் தானாக அடங்கிவிடும். முழு எண்ணாக இல்லாத, ஆனால் சீரான இடைவெளியில் சீப்புப் பற்கள் போல நிற்கும் கோடுகள், அறை சூடேறும்போது மெல்ல நகர்ந்தால், ஏதோ ஒரு சார்ஜரோ எல்இடி விளக்கின் பவர் சப்ளையோ.

ஒருமுறை எனக்குக் கிடைத்தது 1375 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஊசிக் கோடு. டிஷ்ஷை முழு வட்டம் சுற்றினேன். ஒரு திசையில் கூடி மறு திசையில் குறைந்தால் மூலம் தரையில் எங்கோ இருக்கிறது, டிஷ் நேராகப் பார்க்காத திசைகளிலும் சற்றே கேட்கும் பக்க மடல்கள் வழியாக வருகிறது. இது சுற்றினாலும் மாறவில்லை. அப்படியானால் மூலம் டிஷ்ஷோடு சேர்ந்தே சுற்றுகிறது, அல்லது கேபிள் வழியாக ஏறுகிறது. இந்த முடிவை நம்பாமல், திசை காட்டும் லாக் பீரியாடிக் ஆன்டெனாவையும் ஸ்பெக்ட்ரம் காட்டும் அனலைசரையும் தள்ளுவண்டியில் வைத்து வளாகம் முழுக்கச் சுற்றினேன். போன இடமெல்லாம் சிக்னல் பலமாக இருந்தது, திசை மட்டும் தெரியவில்லை. வண்டியில் இருந்த இன்வெர்ட்டர்தான் அது, வேறொரு இரைச்சல்! என் குறுக்கீட்டை நானே தள்ளிக்கொண்டு திரிந்தேன். அதற்கப்புறம் பேட்டரியில் ஓடும் அனலைசர்தான், அதற்கும் முதலில் டெர்மினேஷன் போட்டுப் பார்த்துவிட்டுத்தான்.

கட்டடத்துக்குள் தேடுவதற்கு பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குவதுதான் நேர்வழி. ஒருவர் பிரேக்கர் அருகே, ஒருவர் திரை முன்னே. வாக்கி டாக்கியில் பேசாதீர்கள், தேடுவதை அதுவே மூழ்கடித்துவிடும்; கம்பி இண்டர்காம் நல்லது. இல்லையென்றால் இருவரின் கடிகாரங்களையும் ஒத்துவைத்து, நேரத்தை நோட்டில் எழுதுங்கள். பிரேக்கரை இறக்கியும் கோடு போகவில்லை என்று உடனே அந்த அறையை விடுதலை செய்துவிடக்கூடாது, யுபிஎஸ் அதை ஓட்டிக்கொண்டிருக்கலாம். அணைப்பதையும் ஏற்றுவதையும் சேர்த்தே கவனியுங்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைப் பல ஆண்டுகள் குழப்பிய பெரிட்டான் என்ற துடிப்புகள் மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து வந்தவை என்று 2015 இல்தான் தெரிந்தது. அடுப்பு ஓடும்போதே கதவைத் திறந்தால், அணையும் கணத்தில் மட்டும் 1.4 கிகாஹெர்ட்ஸ் துடிப்பு வெளியேறியது. அடுப்பை ஓடவிட்டுப் பார்த்தால் மட்டும் அது கிடைத்திருக்காது.

1375 என்பது 125இன் 11 மடங்கு. கிகாபிட் ஈதர்நெட் 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடுகிறது, ஆகவே கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஏதோ ஒன்று. ஆனால் எங்களிடம் பன்னிரண்டு இருந்தன. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை வருகிறது. எந்தப் படிகக் கடிகாரமும் சொன்ன எண்ணில் சரியாக நிற்பதில்லை. பத்து லட்சத்தில் 10 பங்கு தவறினால், 1375இல் அது 14 கிலோஹெர்ட்ஸ் விலகல். தொலைநோக்கியின் கோட்டை 1 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் அளந்தேன்: 1375.014. பிறகு மிக அருகில் உள்ளதை மட்டும் கேட்கும் சிறிய வளையப் புரோபை ஒவ்வொரு ஸ்விட்ச்சின் அருகிலும் பிடித்து, அதே இடத்தில் அளந்தேன். கைரேகை போல, ஒன்று மட்டும் பொருந்தியது. டிஷ்ஷின் பீடத்தில், மூடிய உலோக அலமாரிக்குள் இருந்தது. முதல் நாளே டிஷ் சொன்ன சாட்சியம்தான்.

அலமாரிக் கதவின் ஓரத்தில் இடுக்கை அடைக்கும் உலோக ஸ்பிரிங் விரல்கள் ஒரு சாண் நீளத்துக்கு மடங்கிப்போயிருந்தன. 1375இன் அலை நீளம் சுமார் 22 சென்டிமீட்டர், அதற்கு 11 சென்டிமீட்டர் இடுக்கே அருமையான ஆன்டெனா, ஆகவே கதவை மூடியிருப்பதில் அர்த்தமே இருக்கவில்லை. விரல்களை மாற்றினோம். உள்ளே போன ஈதர்நெட் செம்புக் கேபிளையும் எடுத்துவிட்டு ஃபைபர் போட்டோம். சுவரைத் துளைத்துப் போகும் ஒரே கம்பி, ஃபில்டர் இல்லாவிட்டால், கவசம் முழுவதையும் வீணாக்கிவிடும்.

சரி செய்ததும் அதே நேரத்தில், டிஷ்ஷை அதே நிலையில் வைத்து மறுபடி அளங்கள். 1375இல் கோடு இரைச்சலுக்குள் மறைந்திருந்தது. பெரியது போனதும், அதுவரை யாரும் கவனிக்காத ஒரு சிறிய கோடு 1249.979இல் தலை தூக்கியது. 125இன் 10 மடங்குதான், ஆனால் விலகல் வேறு. நோட்டில் இருந்த பட்டியலைப் புரட்டினேன், ஏழாவது ஸ்விட்ச்.